குளக்கரையில் கல் நடுவதற்கு முன்

அக்காளைக் கைப்பிடித்த நாளிலிருந்து எனக்கும் மூத்தவராகிப்போன என் மச்சானுக்கு,

போதும் போதும் என்கிற அளவுக்கு வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். நாலு வருஷம். நீங்கள் போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இன்னும் பேசாமல் இருந்தால் அவர்கள் கல்லை நட்டுவிடுவார்கள்.

கல் விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. மன்னவனூரைத் தாண்டி, நாம் வருஷா வருஷம் போய் உட்கார்ந்த அந்த ஊர்க் குளத்தின் கரையில் உங்கள் பெயருக்கு ஒரு கல் நடப்போகிறார்கள். நம் தூண்டில்காரர் சங்கத்தின் ஏற்பாடு. 'செத்த குளத்துக்கு உயிர் கொடுத்தவர்' என்று பொறித்த கல் பழனியிலிருந்து லாரியில் வந்து இறங்கிவிட்டது. அட்டுவம்பட்டியில் என் அறைக்கு இரண்டு வீடு தள்ளி, சாக்குப் போர்த்திக் கிடக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போகிறேன்.

சங்கத்தில் ஒவ்வொருவரும் உங்களுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டுமாம். கல் நடும் அன்று குளக்கரையில், அந்த ஊர் ஜனங்கள் முன்னால் வாசிப்பார்களாம். செயலாளர் என் அறைக்கே வந்து, "சார், மொத கடுதாசி உங்களோடதா இருக்கணும். அவர்கூடயே கெடந்தவரு நீங்கதான" என்றார். உண்மைதான். கூடவே கிடந்தேன். அதைத்தான் எழுதப்போகிறேன்.

கேட்கிறவர்கள் கடைசி வரை காத்திருக்க வேண்டாம் என்பதால் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் குளத்தைக் கொன்றது மடைக்காரன் பொன்னுச்சாமி அல்ல. அவன் மனைவி செல்லாயி நஞ்சு கலந்த மீனைத் தின்று சாகவில்லை. இது இரண்டே பேருக்குத் தெரியும். ஒருவர் நீங்கள்.

போன வாரம் பொன்னுச்சாமி என்னைத் தேடி வந்தான். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறான். முதுகு வளைந்துவிட்டது. ஒரு கண்ணில் பூ விழுந்திருக்கிறது. வாசலுக்கு வெளியிலேயே நின்றான். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "வாத்தியாரய்யா, ஒரு மனு எழுதணும்" என்றான்.

"என்ன மனு?"

"ஊருக்குள்ள என்னயத் திரும்பச் சேத்துக்கிரச் சொல்லித்தான் சாமி. மடை வேலயெல்லாம் கேக்கல. அந்தக் குடிசையில ஒண்டிக்கிட்டாப் போதும். மூட்டை தூக்க முடியல. அவளப் பொதச்ச எடமும் அங்கிட்டுத்தான் கெடக்கு."

"பஞ்சாயத்தில் என்ன சொல்கிறார்கள்?"

"பொண்டாட்டியக் கொன்னவனுக்கு எடமில்லேங்குறாக. நீங்க இங்கிலீஷெல்லாம் படிச்சவுக. நீங்க எழுதுனா கேப்பாக."

மச்சான், ஊரில் இத்தனை பேர் இருக்க, அவன் என்னிடம் வந்தான். அடுத்த புதன்கிழமை வா என்று சொல்லி அனுப்பினேன். கும்பிட்டுவிட்டுப் போனான்.

நாம் இரண்டு பேரும் எத்தனை வருஷம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம்? நயா பைசா வந்த வருஷம் தொடங்கியது என்று ஞாபகம். நமக்குள் அதற்கு முன்பும் பேச்சு அதிகம் இல்லை. தூண்டில் வந்த பிறகு அதுவும் தேவைப்படவில்லை. பூண்டும் விதைக்கிழங்கும் வாங்கி விற்கிற ஏஜெண்டு நீங்கள். நான் ரசாயனமும் இங்கிலீஷும் சொல்லிக் கொடுக்கிற ஒண்டிக்கட்டை. ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானல் ஏரிக்கரையில் மட்டும்தான் நாம் உறவுக்காரர்கள் மாதிரி இருந்தோம்.

தை மாதத்தில் புல்லெல்லாம் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். கெண்டை அடிச்சேற்றில் போய்ப் படுத்துக்கொள்ளும். விரல் மரத்து, முள்ளில் புழுக் கோக்க முடியாது. வெயில் ஏறிய பிறகு தக்கை ஒரு தரம் லேசாகச் சாயும். அன்றைய நாளுக்கு அவ்வளவுதான். சீனச் சண்டை நடந்த குளிர்காலத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து போய் ஒரு மீனும் இல்லாமல் திரும்பினோம். "குளுருக்கு அதுவும் போர்வைக்குள்ள கெடக்கு, விடு மாப்ளே" என்றீர்கள்.

பங்குனியில் தண்ணீர் சூடேறினால் நாணலுக்கு நடுவே முதுகு தெரிய மேயும். அப்போதுதான் அரை வேக்காட்டு உருளைக்கிழங்கைத் துண்டு போட்டுக் கோப்போம். இந்த மலையில் கெண்டையும் கிழங்குதான் தின்கிறது என்று நீங்கள் சிரிப்பீர்கள். சீசன் கூட்டம் வந்துவிட்டால் படகும் குதிரையும் கூச்சலுமாகப் பெரிய ஏரி நமக்கு ஆகாது. கிழங்கு லாரியில் ஏறி மேல்மலைக் குளங்களுக்குப் போய்விடுவோம். ஆடியில் காற்றும் சாரலும். தக்கை ஆடுகிறதா அலை ஆடுகிறதா என்று தெரியாது. தூண்டில் நரம்பை விரலில் சுற்றிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பீர்கள். ஐப்பசிக் கலங்கலுக்கு மண்புழு. பிறகு மறுபடியும் பனி.

இதையெல்லாம் அனுபவித்தேனா என்று கேட்டால் அனுபவித்தேன். உங்கள் மேல் வன்மமும் கூடவே இருந்தது. இரண்டும் ஒரே கரையில் உட்கார்ந்திருந்தன.

என்ன வன்மம்? சொன்னால் சின்னதாகத் தெரியும். ஊருக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் எனக்குக் கொடுத்துவிட்டுப் போன மூங்கில் தூண்டில் கம்பு. வழவழவென்று, பித்தளைப் பூண் போட்டது. ஒரு நாள் இரவல் கேட்டு வாங்கிப்போய் நுனியை லாரிக் கதவில் வைத்து நசுக்கினீர்கள். சணலைச் சுற்றித் திருப்பிக் கொடுத்து, "இப்பத்தான் மாப்ளே அது பலமா இருக்கு" என்றீர்கள். அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பிறகு பெரிய ஏரியில் அந்தக் கண்ணாடிக் கெண்டை. நம் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் ஓரிடத்தில் ஒரு வாரம் இரை போட்டு மீனைப் பழக்கினால் பக்கத்து நாணலில் ஒரு வெள்ளைத் துணிக் கீற்றைக் கட்டுவான். அந்த இடத்தில் இன்னொருவன் தூண்டில் போடமாட்டான். எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் யாரும் மீறியதும் இல்லை. நான் தினமும் வெள்ளனே எழுந்து, பள்ளிக்கூடம் போகும் முன் போய்த் தவிட்டு உருண்டை போட்டு ஏழு நாள் பழக்கினேன். எட்டாவது நாள் போனால் என் துணிக்குப் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் காலடியில், ஈரச் சாக்கின் மேல், என் கை நீளத்துக்கு அது கிடந்தது.

அதை நீங்கள் தூக்கிப் பிடித்து எடுத்த போட்டோவைச் சங்கத்துச் சுவரில் மாட்டினார்கள். கேட்டவர்களிடமெல்லாம் ஒரே பதில்தான் சொன்னீர்கள்: "வாத்தியாரு துணி கட்டித்தான் வச்சிருந்தாரு. என்ன செய்ய, கெண்டைக்கு எழுத்து வாசிப்பு இல்லையே." இரண்டு வருஷம் அந்தச் சிரிப்பு ஓடியது. பள்ளிக்கூடத்துப் பியூன் வரைக்கும் வந்து சேர்ந்தது. நாற்பது வயதைத் தாண்டியவன் ஒரு மீனுக்காக இவ்வளவு நாள் உள்ளுக்குள் எரிந்தான் என்றால் நம்புவீர்களா? நம்ப வேண்டும். இனிச் சொல்லப்போவதெல்லாம் அந்த எரிச்சலில் நடந்ததுதான்.

அரிசிக்குத் தட்டுப்பாடு வந்து கடைக்குக் கடை வரிசையில் நின்ற கோடை அது. பள்ளிக்கூடம் லீவு. மேல்மலைக் குளத்தில் தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கி, கெண்டை நடுவில் கூடியிருப்பதாகப் பொன்னுச்சாமி சொல்லி அனுப்பியிருந்தான். உங்கள் கோடவுனில் விற்காமல் நின்றுபோன விதைக்கிழங்கு மூன்று சாக்கு கிடந்தது. மருந்தில் முக்கிக் காயவைத்த கிழங்கு. தோலெல்லாம் வெளிர் சிவப்பு.

"சும்மா கெடந்து அழுகுறதுக்கு மீனுக்காவது போடலாம்ல?" என்றீர்கள். பிறகு மூலையில் கிடந்த மருந்து டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்தீர்கள். மண்டையோடு போட்டிருந்த பக்கம் துருப்பிடித்து உரிந்து போயிருந்தது. மிச்சம் இருந்ததெல்லாம் பொடி இங்கிலீஷ் எழுத்து. "ஏலே வாத்தியாரே, இதுல என்ன போட்டிருக்கான்? ஆகுமா ஆகாதா, பாத்துச் சொல்லு."

படித்தேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. மனிதரோ கால்நடையோ உண்ணலாகாது என்று இருந்தது. நீர்நிலைகளில் கலக்கக் கூடாது என்று இருந்தது. மிச்சத்தை ஆழமாகப் புதைக்கச் சொல்லியிருந்தது. அந்த மருந்தின் பெயரையும் அது எந்த உலோகத்திலிருந்து வருகிறது என்பதையும் நான் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டவன்.

"முளைப்புக்குப் போடுற மருந்து. நல்லாக் கழுவிட்டாப் போதும்" என்று சொன்னேன்.

ஏன் சொன்னேன்? நாலு வருஷமாக இதற்கு நான் பல பதில் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் நிற்கவில்லை. நீங்கள் இரை போட்ட இடத்தில் மீனெல்லாம் ஓடிப்போகட்டும், நாலு செத்து மிதக்கட்டும், சங்கத்தில் உங்களைப் பார்த்து ஒரு நாளாவது சிரிக்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். அந்தக் கரையில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள் என்பது என் புத்தியில் ஏறவே இல்லை.

நீங்கள் என்னை நம்பினீர்கள். நல்லாக் கழுவச் சொன்னேன் அல்லவா, நல்லாக் கழுவினீர்கள். இரண்டு சாக்கையும் குளத்துத் தண்ணீரிலேயே முக்கி முக்கி அலசினீர்கள். தண்ணீர் சிவந்து, பிறகு தெளிந்தது. கரையில் கல் கூட்டி, தகரத்தில் அரை வேக்காடாக அவித்து, வெட்டி வெட்டி வீசினோம். நானும்தான் வெட்டினேன். நான் மட்டும் கைக்குத் துணி சுற்றிக்கொண்டேன். நீங்கள் அதைக் கவனித்தீர்களா?

மூன்றாவது சாக்கு அப்படியே மிஞ்சியது. அதைப் பொன்னுச்சாமியின் குடிசையில் இறக்கி வைத்தீர்கள். அவன் அன்று காலைதான் முடிக் காணிக்கைக்காகப் பழனிக்கு நடந்து போயிருந்தான். செல்லாயி மட்டும் இருந்தாள். "வர்ற சனிக்கெழம வந்து மிச்சத்தப் போடுவோம். பத்திரமா இருக்கட்டும்" என்றீர்கள். அவள் சாக்குக்குள் எட்டிப் பார்த்து, "என்னண்ணே, கெழங்கு செவந்து கெடக்கு, இதென்ன புதுச் சாதியா?" என்றாள். "விதைக்கெழங்கு தாயி" என்றீர்கள் நீங்கள்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். தின்றுவிடாதே என்று ஒரே வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், அப்படியானால் மீனுக்கு எப்படி ஆகும் என்று நீங்கள் கேட்பீர்கள். அதனால் சொல்லவில்லை. லாரி ஹாரன் அடித்தது, ஏறிப் போய்விட்டோம்.

சனிக்கிழமை நாம் போய் இறங்கியபோது கிழங்கு வண்டிக்காரன் ரோட்டிலேயே மறித்துச் சொன்னான். குளம் முழுக்க மீன் வெள்ளையாக மிதக்குது. தண்ணி குடிச்ச கன்னுக்குட்டி ஒண்ணு போச்சு. செல்லாயி நாலு நாள் வாந்தி எடுத்து, கை கால் வெடவெடன்னு ஆடி, நேத்து செத்துப்போனா. "அரிசி கெடைக்கலன்னு கெழங்கத்தான் அவிச்சுத் தின்னுக்கிட்டு இருந்தா பாவம். மெதந்த மீனையும் எடுத்து ஆக்கியிருப்பா போல" என்றான்.

கிழங்கு என்ற வார்த்தை அவன் வாயிலிருந்து வந்தபோது நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். அவன் போகும் வரை காத்திருந்தீர்கள். பிறகு சீகை மரங்களுக்குள் கொஞ்ச தூரம் என்னை நடத்திக் கூட்டிப்போய் நின்றீர்கள்.

"மாப்ளே. அந்த டப்பாவுல என்ன போட்டிருந்துச்சு?"

தூண்டில் பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினேன்.

"வெளங்காமச் சொன்னியா, வெளங்கித்தான் சொன்னியா?"

நீங்கள் என்னை அடிப்பீர்கள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் இந்தக் கடிதம் அன்றைக்கே முடிந்திருக்கும். "நீ வாயத் தொறக்காத. ஒரு வார்த்த பேசாத. உங்கக்கா மொகத்துல நான் முழிக்கணும்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தீர்கள்.

ஊர் கூடியிருந்தது. பொன்னுச்சாமி அன்று மதியம்தான் பழனியிலிருந்து வந்து சேர்ந்திருந்தான். மொட்டைத் தலையில் சந்தனம் காயாமல் இருந்தது. அவனைக் கரையில் உட்கார வைத்துச் சுற்றி நின்றார்கள். "மீன அள்ளி விக்கிறதுக்கு மருந்தப் போட்டுட்டு, நல்லவன் மாதிரி முருகனப் பாக்கப் போயிட்டான்" என்று ஒருவன் சொன்னான். "வூட்டுக்காரிக்கிட்டச் சொல்லாமயா போனே?" என்று இன்னொருவன். அவனுக்கு அவர்கள் பேசுவது எதுவும் புரியவில்லை. செல்லாயியை எங்கே புதைத்தீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஊர்ப் பெரியவர் உங்களைப் பார்த்தார். "எத்தனையோ ஏரி குளம் பாத்தவரு நீங்க. நீங்க என்ன சொல்லுதீக?"

நீங்கள் குனிந்து செத்த மீன் ஒன்றை எடுத்து, வாயைப் பிளந்து பார்த்துவிட்டுக் கீழே போட்டீர்கள். "காக்காக்கொல்லி வெதை. அதப் போட்டாத்தான் இப்பிடி வாயப் பொளந்து மெதக்கும்" என்றீர்கள். உங்கள் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. எப்படி மச்சான் முடிந்தது? அதற்கு முன்னால் நீங்கள் வியாபாரத்தில்கூடப் பொய் சொல்லி நான் கேட்டதில்லை.

பொன்னுச்சாமி அப்போதுதான் நிமிர்ந்தான். உங்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். "வாத்தியாரய்யா, நீங்க சொல்லுங்க சாமி. நீங்க படிச்சவுக. நான் ஏன் சாமி போடப்போறேன்?"

"எனக்கு மீனைப் பற்றி அவ்வளவாகத் தெரியாது" என்று சொன்னேன்.

அன்று சாயங்காலத்துக்குள் அவன் சட்டி பானையைத் தூக்கி வெளியே போட்டார்கள். நாம் திரும்பிய அதே லாரியின் பின்பக்கம், பூண்டு மூட்டைகளின் மேல், அவனும் உட்கார்ந்து வந்தான். வேறு வண்டி இல்லை. கொடைக்கானல் வரும் வரை நாம் முன்பக்கம் டிரைவருக்குப் பக்கத்தில் இருந்தோம். அவன் இருமுவது கேட்டுக்கொண்டே வந்தது.

அடுத்த வருஷம் மழை பெய்து குளம் இரண்டு முறை நிரம்பி வழிந்த பிறகு, பால் கேன்களில் கெண்டைக் குஞ்சு வாங்கிக் கொண்டுபோய் விட்டீர்கள். அடுத்தடுத்த வருஷமும் விட்டீர்கள். கரையை உயர்த்திக் கொடுத்தீர்கள். கன்றுக்குட்டி செத்த வீட்டுக்குக் கன்று வாங்கிக் கொடுத்தீர்கள். ஊர் உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டது. பொன்னுச்சாமி அழித்ததை நீங்கள் உண்டாக்கினீர்கள் என்று ஆகிப்போனது. நீங்கள் ஒவ்வொரு குஞ்சு விட்டபோதும் அவன் மேல் இருந்த பழி இன்னும் கொஞ்சம் இறுகியது. அது உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்குமா?

என்னை விட்டீர்களா? அதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என் வாசலில் வந்து, "கெளம்பு" என்றீர்கள். பனியிலும் சாரலிலும் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். ஒரு நாள்கூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. துணியைப் பற்றிக் கேலி பேசுவதையும் நிறுத்திவிட்டீர்கள். கெண்டை போட்டோவைச் சுவரிலிருந்து நீங்களே கழற்றிவிட்டதாகப் பிறகுதான் கேள்விப்பட்டேன். நீங்கள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஒன்று சொல்லியிருப்பேன். அதற்கு இடமே கொடுக்கவில்லை. கம்பை உடைத்ததை மன்னித்துவிட்டேன் மச்சான். கெண்டையையும் விட்டுவிட்டேன். எனக்காக நீங்கள் பொய் சொன்னதை மட்டும் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

படுக்கையில் விழுந்த பிறகு, அக்கா கஞ்சி ஆற்ற உள்ளே போயிருந்த நேரம் பார்த்து என் கையைப் பிடித்தீர்கள். மூச்சு விட்டு மூச்சு விட்டுப் பேசினீர்கள். "ஒட்டஞ்சத்திரம் போ. மடைக்காரனக் கூட்டிட்டு வா. வெரசா போ மாப்ளே." போகிறேன் என்று தலையாட்டினேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். பஸ் நின்றுகொண்டிருந்தது. டீ குடித்தேன். அது கிளம்பிப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சாயங்காலம் வந்து, ஆள் கிடைக்கவில்லை என்றேன். நீங்கள் என் முகத்தையே பார்த்தீர்கள். நாலாம் நாள் போய்விட்டீர்கள்.

இங்கத்திய சேதி பெரிதாக ஒன்றும் இல்லை. அக்கா இளைத்துவிட்டாள், உங்கள் தூண்டில்களை ஒரு பழைய வேட்டியில் சுற்றிப் பரண் மேல் வைத்திருக்கிறாள். மதியச் சாப்பாடு இப்போதும் தூக்குவாளியில் எனக்கு வருகிறது. உங்களைப் பற்றி யார் நல்லதாகப் பேசினாலும் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்கிறாள். கல் நடுவதற்கு வருகிறாள். முன்வரிசையில் நாற்காலி போடச் சொல்லியிருக்கிறார் செயலாளர். இந்த வருஷம் பனி சீக்கிரமே விழ ஆரம்பித்துவிட்டது. நான் ஏரிப் பக்கம் போவதில்லை.

அந்த ஊர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதை வாசிக்கும் இடத்தில்தான் அவர்கள் இருப்பார்கள். நீங்கள் விரட்டிவிட்ட ஆள் ஒரு தப்பும் செய்யவில்லை. கரையோரம் சிவப்புத் தோல் கிழங்குத் துண்டுகள் கிடந்ததை உங்களில் யாராவது பார்த்திருப்பீர்கள். குடிசையில் கிடந்த சாக்கையும் பார்த்திருப்பீர்கள். அவளைக் கொன்றது அந்தக் கிழங்கு. அதற்கு மருந்து ஏற்றியது தெரிந்தும் கழுவினால் போதும் என்றவன் ஒருவன். தெரிந்த பிறகு மறைத்தவர் இன்னொருவர். கல் நட வேண்டும் என்றால் நடுங்கள். அந்தக் குடிசையை முதலில் அவனுக்குத் திறந்துவிடுங்கள்.

மச்சான், என் வாக்கு என்ன பெறும் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும் ஒன்று தருகிறேன். புதன்கிழமை பொன்னுச்சாமி வருவான். அவனுடைய மனுவை எழுதுவேன். கிழங்கு யார் கொண்டுவந்தது, டப்பாவை யார் படித்தது, எல்லாம் அதில் இருக்கும். அவன் கைநாட்டு வைப்பதற்கு முன்னால், எதையும் விடாமல் அவனுக்கு வாசித்துக் காட்டுவேன். அதற்குப் பிறகு அவன் என்னை என்ன செய்தாலும் அது அவன் இஷ்டம்.

இந்தக் கடிதத்தின் அடியில் உங்கள் அன்பு மைத்துனன் என்று எழுதிப் பெயர் போட வேண்டும். நாலு முறை பேனாவைக் கொண்டுபோய்விட்டு எடுத்துவிட்டேன். யார் எழுதியது என்று வாசிக்கிறபோதே எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதை மறைக்க முடியும் என்று நினைக்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை. ஆனால் முன்வரிசையில் அக்கா உட்கார்ந்திருப்பாள். பெயர் இல்லாத கடிதம் என்றால், யாரோ வேண்டாதவன் எழுதிய மொட்டைக் கடிதம், என் தம்பி அப்படிச் செய்திருக்க மாட்டான் என்று அவள் எழுந்து நின்று சொல்லிக்கொள்ளலாம். கணவனையும் தம்பியையும் ஒரே நாளில் பறிகொடுக்காமல் இருக்க அவளுக்கு அந்த ஒரு சந்து வேண்டும். எனக்கும் வேண்டும் என்பதை உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

உறையில் செயலாளர் விலாசத்தை மட்டும் எழுதியிருக்கிறேன். அனுப்புநர் இடத்தில் ஒன்றும் இல்லை. பத்து மணிக்குத் தபால் எடுப்பார்கள். அதற்குள் போய்ப் பெட்டியில் போட்டுவிடப்போகிறேன், கையெழுத்து இல்லாமலே.